சுவரைப் பார்த்த குங்குமப் பொட்டு

சனிக்கிழமை காலை சுரேகா காப்பி டம்ளரோடு தன் அறைக்குள் நுழைந்தபோது, கணினித் திரை முழுக்க நீலமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கணினி வைத்திருப்பவர்களுக்கு அந்த நீலத்திரை என்னவென்று தெரியும். 'என்னால் முடியவில்லை தாயே' என்று இயந்திரம் கையைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். இரவெல்லாம் ஓடிய வேலை பாதியில் செத்துப் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாளை மாலை திருவேற்காட்டில் பவ்யாவின் கல்யாண வரவேற்பு. மண்டபத்தின் பெரிய திரையில் பவ்யாவின் அம்மா வர வேண்டும். வந்தே ஆக வேண்டும்.

சுரேகா பட்டாபிராமில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு அம்பத்தூரில் உலகநாதன் என்பவரின் வீடியோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று ஊரார் வீட்டு விசேஷங்களையெல்லாம் வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்துப் படமாக்குவாள். ஒரு வீட்டில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதை அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். குரூப் போட்டோவில் யார் எந்த ஓரத்தில் நிற்கிறார்கள் என்பது போதும் அவளுக்கு.

வெள்ளானூர் ராகவனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு ஸ்டுடியோ வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. உலகநாதன் வேலையைக் கொடுப்பார், இவள் வீட்டில் முடிப்பாள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து அம்பத்தூர் போய், முடித்ததைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வருவாள். அதற்காகத்தான் போன வருஷம் இந்தக் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துத் தானே பூட்டினாள். உதிரி பாகங்கள் கொடுத்தவர் ஆவடியில் கடை வைத்திருக்கும் சுலைமான் பாய். அவர் கொடுத்தது பாகங்களை மட்டுமல்ல, ஒரு பைத்தியத்தையும் சேர்த்துத்தான்.

"தங்கச்சி, கம்பெனிக்காரன் போட்டிருக்க ஸ்பீடு சும்மா ஒரு கணக்குக்கு. பிராசஸருக்கு உள்ள இன்னும் தெம்பு இருக்கும். பயாஸ் செட்டிங்ல போயி கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாரு. எங்க தடுக்கி விழுதோ அதான் அதோட எல்லை. ஒரு படி கீழ வந்து நின்னுக்க."

ஓவர்கிளாக் என்பது அவ்வளவுதான். வேகத்தை ஏற்றினால் மின்னழுத்தமும் கூட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் கணினியின் மூளையான பிராசஸர் தள்ளாடும். இந்த மூன்றுக்கும் நடுவே கயிற்றில் நடப்பதுபோல ஒரு வித்தை. சுரேகாவுக்கு அது பிடித்துப் போயிற்று. பாயும் அவளும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்த ஒரே ரக பிராசஸரை ஆளுக்கு ஒன்றாக எடுத்திருந்தார்கள். பாயுடையது ஐந்து கிகாஹெர்ட்ஸில் ஓடியது. இவளுடையது நாலே முக்காலைத் தாண்டி நாலு புள்ளி எட்டில் மூச்சு வாங்கி நின்றது.

"ஒரு வயித்துப் புள்ளைங்கதான் தங்கச்சி, ஒண்ணு ஓடும், ஒண்ணு நடக்கும். நீ பெத்தது நடக்குது" என்று பாய் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார்.

"நடந்தாலும் ஒழுங்கா வீடு வந்து சேருதுல்ல பாய்?" என்று இவளும் விடமாட்டாள்.

ஒரு வருஷம் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. இப்போது, சேர வேண்டிய நேரத்தில், நடுவழியில் விழுகிறது.

பவ்யா தன் அம்மாவை இழந்தபோது மிகச் சின்னப் பெண். போட்டோக்கள் உண்டு. குரல் இல்லை. "அம்மா எப்படிப் பேசுவாங்கன்னே மறந்துபோச்சுக்கா" என்று அவள் உலகநாதன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சொன்ன அன்றுதான், உலகநாதன் பழைய பீரோவைக் கலைத்துப் போட்டு ஒரு டேப்பை எடுத்தார். பவ்யாவின் காதுகுத்துக்கு அவர் எடுத்த வீடியோ. அதில் ராஜகுமாரி, பவ்யாவின் அம்மா, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பேசுகிறாள். சின்னத் துண்டுதான். ஆனால் படம் புழுதி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருந்தது. பெரிய திரையில் போட்டால் முகமே தெரியாது.

பழைய படத்தைத் துலக்கித் தெளிவாக்கும் மென்பொருள் சுரேகாவிடம் இருந்தது. ஒவ்வொரு பிரேமாக அது புள்ளி புள்ளியாய்த் தீட்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு அவளிடம் கிடையாது. அதனால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில்தான். ஒரு பகல் ஓர் இரவு இடைவிடாமல் ஓடினால்தான் முடியும். நடுவில் நின்றால் எல்லாம் வீண்.

வியாழக்கிழமை விழுந்தது. வேகத்தை நாலு ஏழுக்கு இறக்கி மறுபடி ஓட விட்டாள். வெள்ளி மாலை அவள் அம்பத்தூர் கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் விழுந்து கிடந்தது. நாலு ஆறுக்கு இறக்கினாள். இதோ, சனிக்கிழமை காலையில் மறுபடி நீலம்.

இன்று மதியத்துக்குள் ஆரம்பித்தால்தான் நாளை மதியத்துக்குள் முடியும். இதுதான் கடைசி வாய்ப்பு.

கூடத்திலிருந்து மாமனாரின் இருமல் கேட்டது. ஏகாம்பரம் வெள்ளானூரின் பழைய குடும்பத்துக்காரர். மாமியார் இல்லாத வீட்டில் சாமி விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் அவர் பொறுப்பு. கணினி வந்த நாளிலிருந்து அவர் இந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 'பொட்டியக் கட்டிக்கினு அழுவுறா' என்று பக்கத்து வீட்டில் அவர் சொன்னது அன்றே அவள் காதுக்கு வந்துவிட்டது. மருமகள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவள் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள். ஒரே கூரையின் கீழ், சோறு போடும்போது மட்டும் பேசிக்கொள்ளும் இரண்டு பேர்.

"இன்னாமா, காப்பி ஆறிப்போவுது பாரு" என்றார் அவர், கூடத்தில் இருந்தபடியே.

"குடிக்கிறேன் மாமா" என்றாள். குடிக்கவில்லை.

போனை எடுத்து சுலைமான் பாயைக் கூப்பிட்டாள். அவர் மச்சினன் கல்யாணத்துக்காக வாணியம்பாடியில் இருந்தார். பின்னால் ஒரே சமையல் பாத்திரச் சத்தம்.

"பாய், என் பிராசஸர் செத்துருச்சு போல."

"ஏய், காலங்காத்தால என்ன பேச்சு இது? முதல்ல ஒரு விஷயத்தை மட்டும் மாத்து. ஒரே நேரத்துல நாலு விஷயத்துல கை வெச்சா எதனால விழுந்துச்சுன்னு தெரியாம போயிரும். மெமரி ஸ்பீடை பழையபடி வையி."

வைத்தாள். சோதனை மென்பொருளை ஓட விட்டாள். கொஞ்ச நேரத்தில் நீலம்.

"வோல்டேஜை ஒரு சிட்டிகை ஏத்து."

"ஏத்தினா சூடு இன்னும் எகிறும் பாய். இப்பவே கொதிக்குது."

"அப்ப ஓவர்கிளாக்கையே எடுத்துரு. கம்பெனி ஸ்பீடுல ஓட்டிப் பாரு. வெக்கப்படாத, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் தொழிற்சாலை அளவுக்கே திருப்பி வைத்து ஓட்டினாள். இம்முறை நீலத்திரை வரவில்லை. ஆனால் வெப்பநிலை எண் மளமளவென்று ஏறி நூறு டிகிரியைத் தொட்டது. தொட்டதும் பிராசஸர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, நொண்டி மாடுபோல் நடந்தது. இந்த நடைக்கு வேலை புதன்கிழமை முடியும்.

சுரேகா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஆசைப்பட்டு ஏற்றியதால் எல்லையைத் தாண்டி விழுகிறது என்றுதான் மூன்று நாளாக நினைத்திருந்தாள். அப்படியில்லை. எல்லையே கீழே இறங்கி வந்துவிட்டது. கம்பெனிக்காரன் 'இது சும்மா ஓடும்' என்று சத்தியம் செய்து கொடுத்த வேகத்தைக்கூட அந்தச் சின்னச் சில்லு தாங்கவில்லை.

'நான்தான் கொன்னுட்டேன். ஒரு வருஷமா கூடுதல் கரண்ட்டு குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுட்டேன். ஓடுற மாட்டை இன்னும் ஓடு இன்னும் ஓடுன்னு அடிச்சேனே!' பவ்யாவின் முகம் கண் முன்னால் வந்தது. அம்மாவின் குரலைக் கேட்கக் காத்திருக்கும் ஒரு கல்யாணப் பெண்ணிடம் போய் என்ன சொல்வது? கண் பொங்கிவிட்டது.

"தங்கச்சி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் பாய்."

"சில்லு செத்தா இப்படிச் சாகாது. சூடு வெளிய போகல, அவ்ளோதான். சில்லோட சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் மேல இருக்க விசிறியக் கழட்டிப் பாத்தியா?"

"போன வாரம்தான், பெட்டியை நகத்தாமயே பக்கக் கதவைத் தொறந்து ப்ளோயர் அடிச்சேன்."

"விசிறிக்கு அடிச்சிருப்ப. அதுக்குப் பின்னால இருக்க தகடுங்களப் பாத்தியான்னு கேக்குறேன். மூஞ்சி கழுவிட்டு முதுகு தேச்சேன்னு சொல்ற ஆளு நீ. கழட்டு முதல்ல. இங்க பிரியாணி தம்முல இருக்கு, நான் அப்புறம் பேசுறேன்."

சுரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒயர்களைப் பிடுங்கினாள். மேசைக்கடியில் சுவரை ஒட்டி நின்ற பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். திருப்பினாள்.

பெட்டியின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

ஒரு பொட்டு அல்ல. சந்தனத்தின் மேல் குங்குமம், அதன் மேல் சந்தனம், மறுபடி குங்குமம். வாராவாரம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வைத்து, காய்ந்து, விளிம்பு உதிர்ந்து, காலணா அகலத்துக்குத் தடித்துப் போயிருந்த பொட்டு. யார் கண்ணிலும் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்த இடம்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பக்கக் கதவைத் திறந்து விசிறியின் கம்பிக் கொக்கியை விடுவித்தாள். உள்ளே வெள்ளியாக மின்ன வேண்டிய தகடுகள் கன்னங்கரேல் என்று இருந்தன. ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே காற்று நுழைய வழியே இல்லை. விரலால் தொட்டாள். தூசி மாதிரி பறக்கவில்லை, பிசின் மாதிரி ஒட்டியது. விரலை மூக்கருகே கொண்டு போனாள்.

சாம்பிராணி.

கையைக்கூடக் கழுவாமல் கூடத்துக்குப் போனாள். ஏகாம்பரம் பேப்பரை விரித்துக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வெள்ளிக்கிழமையில என் ரூமுக்கு வரீங்களா?"

"நானா? நா இன்னாத்துக்குமா அங்க வரேன்? நீயாச்சி, ஒம் பொட்டியாச்சி."

அவள் கரிய விரலை நீட்டினாள். "மோந்து பாருங்க."

அவர் குனிந்து முகர்ந்தார். பேப்பர் மெல்ல மடங்கியது. திருட்டுத்தனம் பிடிபட்ட முகம் எழுபது வயதிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

"கோச்சிக்காதம்மா" என்றார். "மோட்டாருக்குக் காட்னேன். சைக்கிளுக்குக் காட்னேன். ராகவன் வண்டிக்கு வாராவாரம் காட்றேன். இந்த ஊட்ட நிறுத்திகினு கீறது அந்தப் பொட்டி. அதுக்கு மட்டும் காட்டாம உட்டா அம்மன் இன்னா நெனைப்பா?"

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஏன் நான் இல்லாத நேரமாப் பாத்து?"

"நல்லா கேட்ட போ! அது வந்தன்னிக்கே கதவாண்ட நின்னு சொல்ட்டியே, யாரும் உள்ள வரக்கூடாது, எதயும் தொடக்கூடாதுன்னு. ஒனக்கு நா உள்ள வர்றது புடிக்கலன்னு நெனச்சிகினேன்."

 தூசி வரக்கூடாது என்பதற்காகச் சொன்ன ஒரு வார்த்தை. அதைச் சொன்னது அவளுக்கு நினைவுகூட இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று இவளும், இவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று அவரும், ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள்!

"தூரமா நின்னு காட்டியிருக்கலாமே மாமா. உள்ள முழுக்க அடைச்சுகிட்டிருக்கு."

கிழவரின் கண்கள் அப்போது பளிச்சென்று விரிந்தன. அவமானம் மறந்து போயிற்று.

"தூரமாத்தாம்மா மொதல்ல காட்னேன்! சாமி படத்துக்குக் காட்னா பொகை மேல பூடும். ஒம் பொட்டி அப்படியில்ல. மூஞ்சியாண்ட கொண்டுபோன ஒடனே இஸ்துக்கிச்சி! சத்தியமா சொல்றேன், ஒரு துளி பொகை வெளிய நிக்கல. கடகடன்னு உள்ள வாங்கிக்கிச்சி. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சி. இத்தினி வருசமா சாம்பிராணி காட்றேன், எந்தச் சாமியும் இப்படிக் கைநீட்டி வாங்கினதில்ல. அதான் அப்பால கிட்ட வெச்சே காட்னேன், ஷோக்கா வாங்கிக்கட்டும்னு."

பெட்டியின் முன்பக்க விசிறி காற்றை உள்ளே இழுப்பதற்காகவே இருக்கிறது. எதை வைத்தாலும் இழுக்கும். அதை அவள் எப்படி அவரிடம் சொல்வாள்?

"நேத்து காட்டுனீங்களா?"

ஏகாம்பரம் தலைகுனிந்தார். "நேத்து ரெண்டு மடங்கு போட்டேன். அந்தக் கல்யாணப் பொண்ணோட ஆத்தா படம்னு நீ முந்தாநாளு போன்ல அயுதுகினே பேசினியே, கேட்டேன். தாயில்லாத பொண்ணு, வேலை நல்லபடியா முடியட்டும்னுதான்..."

அவ்வளவுதான். சுரேகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. வேலை முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஊட்டிய புகைதான் வேலையை நிறுத்தியிருக்கிறது! தன் பெட்டிக்கு இந்த வீட்டில் வேண்டாதவர் என்று யாரை நினைத்திருந்தாளோ, அவர் அதைச் சாமிக்குச் சமமாக வைத்து, யாருக்கும் தெரியாமல் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அயுவாதம்மா. பொட்டி பூட்ச்சா?" அவர் அவள் பக்கத்தில் குனிந்தார்.

"போகல மாமா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மூச்சு முட்டிக் கிடக்கு. பழைய பல்லு விளக்குற பிரஷ் ஏதாவது இருக்கா?"

ஒரு வருஷத்தில் முதல்முறையாக ஏகாம்பரம் மருமகளின் கண்ணெதிரே அவள் அறைக்குள் நுழைந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்று, "வரலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சுரேகாவைச் சுருக்கென்று குத்தியது. "வாங்க மாமா, உங்க வீடு" என்றாள்.

ஹீட்சிங்கைக் கழற்றி, சில்லுக்கும் அதற்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் வெள்ளைப் பசையைத் துடைப்பதற்காக வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட்டை ஊற்றி, தகடு தகடாகத் தேய்த்தார்கள். அவர் தேய்க்க, அவள் துடைத்தாள். கரி கரைந்து ஒழுக ஒழுக, அறை முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை வந்தது.

"இவ்ளோ பொகையா குட்ச்சிது இது?" என்று அவர் வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா, பட்டணத்துக் கரியெல்லாம் இங்கதான் கீது."

"உங்க கைங்கரியம்."

"சொன்னா நிறுத்தியிருப்பேன். அதுவும் சொல்லல, நீயும் சொல்லல."

புதுப் பசை தடவி, எல்லாவற்றையும் பூட்டி, பொத்தானை அழுத்தினாள். சோதனை ஓடியது. எழுபதில் வந்து நின்றது வெப்பநிலை. நின்றே இருந்தது. மூன்று நாளாய் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. கை தானாகவே நாலு எட்டை நோக்கிப் போயிற்று. ஏறும், நிச்சயம் ஏறும். ஆனால் அவள் நாலு ஆறிலேயே நிறுத்திக்கொண்டாள். ஏற முடிகிற உச்சியில் எல்லாம் குடியிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ராஜகுமாரியின் படம் சனி மதியம் ஓட ஆரம்பித்தது. நடுநடுவே ஏகாம்பரம் வந்து வாசற்படியில் நின்று, "ஓடுதா?" என்பார். "ஓடுது மாமா" என்பாள். ஏதோ பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் போவார், வருவார். ஷிப்ட் முடிந்து வந்த ராகவன், அப்பா மருமகளின் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று விழித்தான்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் வேலை முடிந்தது.

மாலை திருவேற்காடு மண்டபத்தில் பெரிய திரை ஒளிர்ந்தது. மஞ்சள் புடவையில் ஓர் இளம் தாய், மூக்கு சிவக்க அழும் குழந்தையை இடுப்பில் குலுக்கிக்கொண்டு, புழுதி எல்லாம் விலகிய முகத்தோடு, மண்டபம் முழுவதையும் பார்த்துச் சிரித்தாள். மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது.

"எடுத்துட்டீங்களா அண்ணே? நல்லா எடுங்க. நாளைக்கு இவ கல்யாணத்துக்கும் நீங்கதான் வந்து எடுக்கணும், சொல்லிட்டேன்!"

மண்டபத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த உலகநாதன் அதிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் வைத்த அழைப்பு அது. வந்துதான் நிற்கிறார். தோளைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேமராவில் கண்ணை வைத்தார். மேடையில் பவ்யா அழவில்லை. அம்மாவின் குரல் முடிந்த பிறகும், அதைக் காதுக்குள் பிடித்து வைத்துக்கொள்வதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கூட்டத்தில் சுரேகாவைத் தேடி, இரண்டு கையையும் குவித்தாள்.

சுரேகா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைக் காட்டினாள். பவ்யாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுரேகா அம்பத்தூர் கிளம்பும் முன் கணினியை முறைப்படி அணைத்தாள். விசிறிகள் நிற்கும்வரை காத்திருந்தாள். ஈரத்துணியால் பின்பக்கப் பொட்டைத் துடைத்துவிட்டு, பெட்டியின் முன்பக்கம், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா, சாம்பிராணி எடுத்துட்டு வாங்க."

ஏகாம்பரம் தூபக்காலோடு வந்தார். பெட்டிக்கு முன்னால் பயபக்தியோடு சுற்றினார். புகை நேராக மேலே எழுந்து, உத்தரத்தைத் தொட்டுக் கலைந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"இன்னாம்மா இது? இன்னிக்கி இஸ்துக்கவே இல்லியே?"

சுரேகா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வயிறு நிறைஞ்சிருக்கும் மாமா. விடுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

"அதுவும் சரிதான்" என்று அவர் மிச்சப் புகையை அவள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கூடத்துக்குப் போனார். அவள் தலைமுடியில் சாம்பிராணி மணக்க, பஸ்ஸுக்கு நடந்தாள்.